தங்கையின் அலர்ஜி அட்டை

என் தங்கையின் கண்களைக் கெடுத்தவள் நான். ஏழு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல மனம் வருகிறது...

ஜொகூர் பாருவில் ஒரு தனியார் ஆய்வகத்தில் திசுப் பொருத்தம் பார்ப்பது என் வேலை. நம் உடலின் செல்கள் தமக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை மேற்பரப்பில் ஒரு மூலக்கூறில் ஏந்திக் காட்டும். இரத்தத்தில் காவல் சுற்றும் டி செல்கள் வந்து பார்க்கும். சிங்கப்பூர்ப் பாலத்தில் பாஸ்போர்ட்டை நீட்டுகிறோமே, அதுபோல. நம்முடையது என்றால் விட்டுவிடும்; அந்நியம் என்றால் அழிக்கும். ஏந்தும் அந்த மூலக்கூறு ஆளுக்கு ஆள் வேறு. உடன்பிறந்தவர்களுக்குள்கூட முழுப் பொருத்தம் நாலில் ஒரு வாய்ப்புதான். சிறுநீரகம் கொடுக்க வரும் அண்ணன் தம்பிகளிடம் இதை நானே எத்தனை முறை விளக்கியிருக்கிறேன்!

அப்படிப்பட்ட நான்...

என் தங்கை கவிதாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்த வாரத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. மாசாயில் எங்கள் வீட்டின் அடுப்படியில் விழுந்து கிடந்தாள். கார்ச் சாவியை எடுத்தேன். அம்மா மறித்தார்.

“கிளினிக்கு வேணாம் லா! கவுண்டர்ல உக்காந்திருக்கிறது மாப்பிள்ளையோட சித்தி. இழுப்பு வந்த பொண்ணுன்னு தெரிஞ்சா யாரு கட்டுவாங்க? நீ லேப்லதானே வேலை பாக்குற... ஏதாச்சும் பண்ணு.”

வேறு ஊருக்குக் கொண்டுபோயிருக்கலாமே! ஏன் போகவில்லை? அம்மா என்னை நம்பியது பெருமையாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

எனக்கு முகநரம்பு வலி உண்டு. அதற்கு நான் விழுங்கும் மாத்திரையை வலிப்புக்கும் கொடுப்பார்கள். ஏந்தும் மூலக்கூறில் ஒரு வகை உள்ளவர்களுக்கு அது நஞ்சாகிவிடும் என்பதால், தொடங்குமுன் எனக்கு மரபணுச் சோதனை செய்து, ஆபத்தில்லை என்றார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவள்தானே... என் மாத்திரைப் பட்டையிலிருந்து கிழித்து, சத்து மாத்திரை என்று சொல்லி தினமும் கொடுத்தேன். மயக்கம் போட்டு விழுந்ததாக மட்டுமே அவள் நினைத்திருந்தாள். ஒரு குழாய் இரத்தம் எடுத்து அவளுக்கும் அந்தச் சோதனையைச் செய்திருக்கலாம். பெயர் பதிவாகிவிடுமே என்று செய்யவில்லை!

மூன்றாம் வாரம் காய்ச்சல். வாயெல்லாம் புண். தோல் கொப்புளித்து உரிந்தது. அவளுடைய மூலக்கூறில் அந்த மருந்து ஒட்டிக்கொண்டது. டி செல்கள் அவள் தோலையும் கண்ணையுமே பகையென்று தாக்கின. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டார். “என்ன மருந்து சாப்பிட்டாங்க?”

“பனடோல் மட்டும்தான் டாக்டர்.”

அன்று காலை காய்ச்சலுக்கு அவள் பனடோல் விழுங்கியது உண்மைதான். அந்த உண்மைக்குள் ஒளிந்துகொண்டேன்.

உயிர் பிழைத்தாள். கருவிழிகள் வெளுத்துவிட்டன. கல்யாணப் பேச்சும் நின்றது. மருத்துவமனை ஓர் அலர்ஜி அட்டை கொடுத்தது. அதில் பனடோல் என்று இருக்கிறது. தலைவலியில் துடித்தாலும் அவள் அதைத் தொடமாட்டாள். “அது என்னைக் கொன்னுரும்க்கா” என்பாள்.

விஷயம் தெரிந்த அம்மாவும் போன ஆண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்று காலை கவிதாவுக்கு மறுபடியும் வலிப்பு. நரம்பியல் மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சற்றுமுன் ஒரு படிவம் தந்தார்கள். “நீயே எழுதுக்கா, எனக்கு எழுத்து தெரியல” என்றாள். ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்ற இடத்தில், பனடோல் என்று எழுதினேன்.

இன்றும்! எழுதிக் கொடுத்துவிட்டேன்...

டாக்டர் சோதனை செய்வாரா? கேட்காமல் அதே மாத்திரையைக் கொடுத்துவிடுவாரா? கொடுத்தால் இந்த முறை பிழைக்கமாட்டாள். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

“அக்கா, நம்ம நம்பர் வந்திருச்சா?”

பலகையில் எங்கள் எண் எரிகிறது.

“இன்னும் இல்லம்மா” என்கிறேன்.