பச்சை ஸ்டிக்கர் ஒட்டாத வரி

ஒரகடத்தில் நானும் அக்காவும் இருந்த அறையில் ஒரே ஒரு பாய்தான். இரண்டாவது பாய்க்குத் தேவை வரவில்லை. அவளுக்குப் பகல் ஷிப்ட் என்றால் எனக்கு இரவு. அடுத்த வாரம் அது அப்படியே மாறும். நான் வந்து படுக்கும்போது தலையணையில் அவள் தலை பதிந்த குழி இருக்கும். அதிலேயே தலையை வைத்துத் தூங்கிவிடுவேன். பாயை யாரும் சுருட்டுவதில்லை. ஊரில் பகலில் பாய் விரித்துக் கிடந்தால் அம்மா வீட்டையே இரண்டாக்குவாள். இங்கே அது விரித்தபடிதான் கிடக்கும்.

காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டும் கம்பெனி. எனக்கும் அக்காவுக்கும் ஒரே மேஜை, கடைசி மேஜை. கிளிப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, டேப் விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. ஒரே ஷிப்ட் போடுங்கள் என்று இரண்டு பேரும் கேட்டோம். ஒரு மேஜைக்கு ஒரு ஷிப்டில் ஒரு ஆள்தான், ரெண்டு பேரும் சேர்ந்து நின்றால் அடுத்த ஷிப்டை யார் பார்ப்பது என்று சூப்பர்வைசர் சிரித்தார். அதனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும் பார்த்துக்கொள்வோம். மாற்று ஆள் வந்து மேஜையைத் தொடும்வரை இடத்தை விடக்கூடாது. அவள் வந்து மேஜையில் கை வைப்பாள். "மூணாவது கிளிப் லூசா வருது, பாத்துக்க" என்பேன். "சோறு வடிச்சு வச்சிருக்கேன், ஆறிடும், போ" என்பாள். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

அத்தை மகனுக்கும் அவளுக்கும் தை மாதம் கல்யாணம் என்று முடிவானதும் அவள் மார்க்கர் பேனாவால் ஜன்னல் பக்கத்துச் சுவரில் எழுத ஆரம்பித்தாள். ஊருக்குப் போவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டியவை. நான் வேலைக்குப் போயிருக்கும்போது அவள் ஒரு வரி எழுதுவாள். அவள் போன பிறகு நான் ஒன்று எழுதுவேன். ஸ்கூட்டி ஓட்டணும். செம்பரம்பாக்கம் ஏரியைப் போய்ப் பார்க்கணும். பெரிய கடையில் தானாக நகரும் படிக்கட்டில் ஏறணும். முடியைக் கழுத்து வரைக்கும் வெட்டணும், இது அவள் எழுதியது. சூப்பர்வைசரிடம் ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லணும், இது என்னுடையது. கடைசியாக அவள் எழுதினாள்: ஒரு நாளாவது ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்கணும்.

வார லீவும் ஆளுக்கு வேறு வேறு நாள் என்பதால் ஒன்றும் நடக்கவில்லை.

அன்றைக்கு எனக்குப் பகல் ஷிப்ட். மாலையில் எல்லா மேஜைக்கும் ஆள் வந்துவிட்டது. என் மேஜையில் யாரும் கை வைக்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆள் வரலம்மா, ஓவர்டைம் போட்டுக்கோ, நில்லு" என்றார் சூப்பர்வைசர். நின்றேன். பச்சை ஒட்டி ஒட்டித் தள்ளினேன். பிறகு ஹெச்.ஆரில் இருந்து ஒரு அம்மா வந்து என் கையுறையை அவரே கழற்றினார். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு வர அக்கா ரோட்டைக் கடந்திருக்கிறாள். கன்டெய்னர் லாரி. அவ்வளவுதான் சொன்னார்கள். அவள் உயிர் போன பிறகும் நான் அவளுடைய ஷிப்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஊரில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுப்பதற்குள் அத்தை பேச்சை எடுத்துவிட்டாள். "தை வேண்டாம். வைகாசில வச்சுக்குவோம். மூத்தவளுக்குக் குடுத்து வைக்கல. சின்னவள அந்த இடத்துல வச்சுப் பாத்துட்டுப் போறோம்." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். அப்பா தரையைப் பார்த்தார். அத்தை மகன் கெட்டவர் இல்லை. பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் அக்காவுக்குப் பேசியவர். அவள் போனில் அவர் அனுப்பியதை எல்லாம் நான் படித்துக் கேலி செய்திருக்கிறேன்.

எனக்கு வாயில் வந்தது இது ஒன்றுதான். "அக்காவும் நானும் எழுதி வச்சது கொஞ்சம் இருக்கு. அத முடிச்சிட்டு வாரேன். அப்புறம் உங்க இஷ்டம்."

அப்பா ஒத்துக்கொண்டார்.

திரும்பி வந்தேன். தலையணையில் அவள் குழி இல்லை. ஊருக்குக் கிளம்பும் முன் நான் விழுந்து கிடந்ததில் என் தலை பதிந்தது மட்டும் இருந்தது.

பக்கத்து மேஜைக்காரி மணிமங்கலத்துப் பெண். அவள்தான் ஸ்கூட்டி சொல்லிக்கொடுத்தாள். சிப்காட்டுக்குள் இன்னும் கம்பெனி வராத பிளாட்டுகள் நடுவே தார் ரோடு சும்மா கிடக்கும். அங்கே கூட்டிப்போய் வண்டியைக் கையில் கொடுத்தாள்.

"இன்னாடி, மேல உக்காந்துகினு சாமி கும்புடுற? திருகு!"

"விழுந்துட்டா?"

"வுழுந்தா எழுந்துக்கோ. வண்டிக்கு எதுனா ஆச்சுனா எங்கப்பன் என்னைத்தான் வூட்ட வுட்டு தொரத்துவாரு, உன்ன இல்ல."

திருகினேன். வண்டி போனது. நன்றாகத்தான் போனது. ரோடு முடிகிற இடத்தில் ஒரு கன்டெய்னர் லாரி நின்றுகொண்டிருந்தது, டிரைவர் கீழே உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்திவிட்டேன். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மணிமங்கலத்துக்காரி ஓடிவந்து வண்டியைப் பிடித்தாள். திரும்பிப் போகும்போது அவளே ஓட்டினாள்.

ஷிப்ட் முடிந்து வரும்போது சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வந்த பச்சை ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. சுவரில் ஸ்கூட்டி என்ற வரிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

அடுத்த லீவுக்கு அவளே ஏரிக்குக் கூட்டிப்போனாள். கரை மேல் ஏறினால் காற்று முகத்தில் அடித்தது. தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அக்கரையே தெரியவில்லை. அக்கா இதில் என்ன பார்க்க நினைத்தாள் என்று தேடினேன். தெரியவில்லை. கீழே இறங்கப் போனேன்.

"இன்னா, அதுக்குள்ளயா?"

"பாத்தாச்சில்லா."

"லைன்ல பீஸ் பாக்குற மாதிரி பாத்துட்டு கெளம்புற! அவ்ளோ தூரம் உன்ன இஸ்துகினு வந்துகிறேன். குந்துடி கொஞ்ச நேரம்."

உட்கார்ந்தேன். அவள் சொன்னது சரிதான். நான் பீஸ்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நகரும் படிக்கட்டும் அப்படியே முடிந்தது. ஏறினேன், இறங்கினேன், வந்துவிட்டேன். பச்சை ஒட்டினேன். பக்கத்தில் பயந்து என் கையைப் பிடிக்க வேண்டியவள் இல்லை, அதற்குச் சிவப்புதான் ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் சிவப்பு ஒட்டினால் அந்த பீஸைத் திரும்பச் செய்தாக வேண்டும். யாரை வைத்துச் செய்வது?

முடி வெட்டிய அன்று அம்மா வீடியோ கால் செய்தாள். பார்த்ததும் அவள் கையிலிருந்த போன் கீழே விழுந்தது. உத்தரம்தான் தெரிந்தது. குரல் மட்டும் வந்தது.

"ஏட்டி, என்னட்டி பண்ணி வச்சிருக்க? வைகாசி வருது. தலையில பூ எங்குன வைப்பாக?"

"அக்கா ஆசைப்பட்டா."

"அவ ஆசைப்பட்டா அவளோட போச்சு. நீ இருக்கவ."

கொஞ்ச நாள் கழித்து அத்தை மகன் ஒரு தடவை கூப்பிட்டார். "சாப்பிட்டியா?" என்றார். அக்காவுக்குத் தினமும் அனுப்பும் அதே வார்த்தை. அவருக்கும் வேறு என்ன பேசுவது என்று தெரிந்திருக்காது. "சாப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குச் சோற்றுப் பானையைத் திறக்கவே இல்லை.

சூப்பர்வைசர் விஷயம் தானாக வந்தது. அக்கா இடத்துக்கு வந்த பெண் ஒரு மாலை வரவில்லை. மறுபடியும் எல்லா மேஜையிலும் ஆள் மாறியது, என் மேஜையில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அவர் தூரத்திலிருந்தே கையைக் காட்டினார். "நில்லும்மா. ஓவர்டைம்."

"முடியாது சார்."

லைனில் எல்லோரும் திரும்பினார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார், வெட்டிய முடியைப் பார்த்தார். "சரி, போ" என்றார். அவ்வளவுதான். இதற்கா அத்தனை நாள் பயந்தோம் என்று இருந்தது. பஸ்ஸில் மணிமங்கலத்துக்காரி என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். "செம்மடி! அந்தாளு மூஞ்சிய பாத்தியா?" நான் சிரித்தேன். இதை ஓடிவந்து சொல்ல அவள் இல்லையே என்று அறையில் போய் உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது.

சித்திரை முடியும்போது அப்பா வந்தார். இரவெல்லாம் பஸ்ஸில் வந்திருக்கிறார். நான் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். அக்கா போன பிறகு அவர் தூங்குவதே இல்லை, விடிய விடிய வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒவ்வொரு வரியாக உதடு அசைந்தது.

"இதானா அது?"

"ஆமாப்பா."

"ஒட்டுனதெல்லாம் முடிஞ்சதா?"

"முடிஞ்சது."

"ஒண்ணுதான் பாக்கி, என்ன? முடிச்சிட்டா சாயந்திர வண்டிக்கே போயிருவோம். அத்த வீட்டுல நெருக்குதாக." கடைசி வரியை மறுபடியும் படித்தார். இந்தத் தடவை ரொம்ப நேரம் ஆனது. "எம்மா, இத எப்படி முடிப்ப?"

"முடிக்க முடியாதுப்பா."

"அப்ப அன்னைக்கு வாரேன்னு சொன்னது?"

அன்றைக்கே இது எனக்குத் தெரியுமா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. தெரிந்துதான் சொன்னேன் என்று அம்மா நினைக்கிறாள்.

"உங்க அத்தைக்கு நான் என்ன சொல்ல?"

"முடியாதுன்னு சொல்லுங்க."

"கூடப் பிறந்தவ ஏட்டி. மூஞ்சில முழிக்க மாட்டா. அவ எங்கிட்ட பேச்ச விட்டா ஊருல எனக்கு யாரு இருக்கா?"

"தெரியும்ப்பா. ஆனா என்னால அவ இடத்துல நிக்க முடியாது. மேஜையில நிக்கேன். வீட்டுல நிக்க மாட்டேன்."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பாயைக் காட்டி, "இதுலயா அவ படுப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் ஓரத்தில், இடத்தை மிச்சம் விட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தார். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. பிறகு குறட்டை வந்தது.

நான் வெறும் தரையில் துப்பட்டாவை விரித்துப் படுத்தேன். இரவெல்லாம் நின்ற கால் வலித்தது. வெளியே தண்ணீர் லாரி வந்தது, குடத்துக்குச் சண்டை போட்டார்கள், ஓய்ந்தார்கள். அவர் அசையவில்லை. எனக்குத் தூக்கம் வரவே இல்லை. கண்ணை மூடினால் அவர் மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்பது எங்கள் அறையின் பழக்கம். மாலையில் சோறு வடித்து மூடி வைத்துவிட்டு, எழுப்பாமல் ஷிப்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வந்தபோது அவர் இல்லை. சோற்றில் பாதி சாப்பிட்டிருந்தார். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தி, தலையணையைத் தட்டி அதன் மேல் வைத்திருந்தார், ஊரில் செய்வது போல. சுவரில் அந்த வரிக்குப் பக்கத்து இடம் வெறுமையாகவே இருந்தது. அப்பா போய்ச் சொன்ன நாளிலிருந்து அத்தை எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அம்மா என் போனை எடுப்பதில்லை. அப்பா எடுப்பார், ம் என்பார், வைத்துவிடுவார்.

அன்று காலை பாயை விரித்தேன். தலையணையில் எந்தக் குழியும் இல்லை. ஓரமாகப் படுத்தேன்.