இரும்பு படாத தோப்பு

ஜெயக்கொடி அக்கா எங்கள் வீட்டுக்காரம்மா. பெருங்களத்தூரில் அவர்கள் குடும்பம் நெல் விளைவித்த நிலமெல்லாம் இன்று அடுக்குமாடி வீடுகள். மிச்சம் வைத்துக்கொண்ட ஒரு மனையில் கீழ்த்தளத்தில் அவர், மாடியில் நான். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை. மாடித் தொட்டி கொஞ்சம் வழிந்தால் போதும், "டீச்சர், மேல இன்னா கடலா கீது?" என்று கீழேயிருந்து குரல் வந்துவிடும். வாய் அப்படி. மனசும் அப்படித்தான் என்று முதல் வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஒரே பெருமை பூ. தெருக்கோடியில் இருக்கிற பிடாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமை சாத்துகிற மாலையை அவர்கள் வீட்டு மூத்த மருமகள்தான் கட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். கல்யாணமாகி வந்த வாரத்திலிருந்து கட்டுகிறார். அன்றைக்கு மட்டும் தண்ணீர்த் தொட்டி வழிந்தாலும் திட்டு விழாது.

கோயிலுக்குப் பின்னால் ஒரு தோப்பு. யாரும் நட்டதில்லை, இந்தப் பக்கத்துக் காடெல்லாம் போன பிறகு மிஞ்சிய துண்டு. வீரை, உலக்கைப்பாலை, காசான் என்று அதில் இருக்கும் மரங்களை நர்சரியில் கேட்டால் முழிப்பார்கள். மற்ற இடங்களில் அழிந்துபோன மரங்கள் இங்கே மட்டும் நிற்பதற்கு ஒரே காரணம், அம்மன் தோப்புக்குள் இரும்பு நுழையக் கூடாது என்ற விதி. அரிவாளை விடுங்கள், கத்தரிக்கோலைக்கூட வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சுவரும் இல்லை, கம்பியும் இல்லை. அந்த விதிதான் வேலி.

வர்தா புயலில் நாலைந்து பெரிய மரங்கள் சாய்ந்தன. வெயில் விழுந்த இடத்தில் சூபாபுல் புகுந்தது. ரோட்டோரத்துக்கென்று யாரோ எப்போதோ கொண்டுவந்த வெளியூர் மரம். காய் வெடித்து விதை சிதறினால் நெருக்கமாக முளைத்துவிடும். வீரை ஒரு முழம் வளர்வதற்குள் அது மாடி உயரம் போய்விடுகிறது. வீரைக் கன்றுகள் அதன் நெருக்கத்தில் ஒவ்வொன்றாகச் செத்தன. வெட்டலாமென்றால் விதி குறுக்கே நின்றது.

"இப்ப கீறதெல்லாம் கெழடுங்க டீச்சர். இதுங்க கீழ வுழுந்துட்டா அப்புறம் தோப்பு ஏது?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார் அக்கா. வெட்டச் சொல்லிக் குரல் கொடுத்ததில் அவர்தான் முதல் ஆள்.

அவருடைய கொழுந்தனார் முனிரத்தினம் கோயில் தர்மகர்த்தா. தொழில் மனை வியாபாரம். ஒவ்வொரு ஆடித் திருவிழாவுக்கும் கார் நிறுத்த இடமில்லை என்று அலுத்துக்கொள்கிறவர். அவரே வந்து, "எதுக்கு அண்ணி பேஜாரு? அம்மாகிட்டயே பூ கேட்டுடலாம். சரின்னா ஜேசிபி வெச்சு ஒரே நாள்ல கிளீன் பண்ணிடலாம்" என்றார். இந்த மனுஷனுக்கு மரத்தின் மேல் எப்போது பாசம் வந்தது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சந்தோஷப்பட்டேன்.

பூக் கேட்பதென்றால், ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு அரளி. இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் மறு பேச்சில்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் குளத்தில் போட்டுவிடுவார்கள். பொட்டலம் மடிப்பதும் மூத்த மருமகள் வேலைதான்.

சிவப்பு வந்தது.

தெருமுனையில் முன்கூட்டியே வந்து நின்றிருந்த ஜேசிபி திரும்பிப் போனது. அம்மனுக்குக் கண்ணே இல்லையா என்று எனக்கு ஆத்திரம். அக்கா வீட்டுக்கு நடந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை கட்டும் உரிமையை இரண்டாவது மருமகள் தையல்நாயகியிடம் கொடுத்துவிட்டார். கேட்டதற்கு விரல் வலி என்றார்.

விரல் வலிக்காரர் ஐப்பசி மழை விட்டதும் தோப்பில் குந்தி உட்கார்ந்துகொண்டு சூபாபுல் கன்றுகளைக் கையால் பிடுங்க ஆரம்பித்தார். ஈர மண்ணில் வேரோடு வரும். கையில் இரும்பு இல்லையே, யார் கேட்க முடியும்? பெரிய மரங்களின் அடிப்பட்டையைக் கருங்கல் சில்லால் சுற்றிவரத் தேய்த்து உரித்தார். அதற்குக் கீழே துளிர்த்த துளிரை வாராவாரம் விரலால் கிள்ளினார். மரம் நின்ற நிலையில் காய்ந்தது. முதலில் சிரித்தவர்கள் பிறகு ஒன்றிரண்டு பேராக வந்தார்கள். நானும் போனேன். சில மழைக்காலம் போன பிறகு, காய்ந்த சூபாபுல் இருந்த இடங்களில் வீரைக் கன்றுகள் முழங்கால் உயரம் வந்தன.

இந்த வருஷம் முனிரத்தினம் மறுபடி வந்தார். தோப்பில் பாதியைச் சமன் செய்து பார்க்கிங் போட வேண்டுமாம். பூக் கேட்கலாம் என்றார். ஊர்க்காரர்களே விடவில்லை. "அம்மா ஒரு தபா வாணாம்னா வாணாம்தான். ஒரு புதரை வெட்டவே உடாதவ மரத்தை வெட்ட உடுவாளா?" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் களை பிடுங்கும்போது நான் அக்காவிடம், "அன்னிக்கு சிவப்பு வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு, பாத்தீங்களா? அம்மன் காப்பாத்திட்டா" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "அவ எங்க காப்பாத்துனா? ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் வெச்சேன்."

பிடுங்கிக்கொண்டிருந்த கன்றை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன்.

"முந்தின நாளே வண்டி வந்து நின்னுச்சு டீச்சர். சூபாபுல்ல வெட்ட ஜேசிபி எதுக்கு? ஒரு தபா இரும்பு உள்ள பூந்துச்சுன்னா அப்புறம் ஆட்டைக் கடிச்சு மாட்டைக் கடிச்சு கடைசில எல்லாத்தையும் கடிச்சுடும். வேற வழி தெரில எனக்கு."

"அதுக்கா பூக்கட்டுறதை விட்டீங்க?"

"அம்மா பேரைச் சொல்லி ஊரை ஏமாத்துன கை இது. இது அவளுக்கு மாலை கட்டலாமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மன் எப்பவோ மன்னிச்சிருப்பா அக்கா" என்றேன்.

"அது எனக்கும் அவளுக்கும் கீற கணக்கு. நீங்க அந்தக் கன்னைப் பாதில ஒடிக்காதீங்க, வேரோட புடுங்குங்க."

கோயிலில் தீபாராதனை மணி அடித்தது. நான் எழுந்து கைகூப்பினேன். அக்கா மண் அப்பியிருந்த இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையை மட்டும் குனிந்து கும்பிட்டார்.