வாசலுக்கு வந்த காய்கறிப் பை

என் கணவனை அவர் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். நிலபுலம் உள்ள குடும்பம். நெல்லும் வேர்க்கடலையும் விளையும். காய்க்கு உத்திரமேரூர் வாரச் சந்தைதான். குழம்பில் உப்பு கூடினால் ஓர் அறை, பஸ் தாமதமானால் ஓர் அறை. ஒருமுறை கொதிக்கிற சாம்பாரைச் சட்டியோடு என் மேல் எறிந்தான். தோளில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்தச் சந்தையில் என் அம்மா கீரை விற்றாள். மாகறலிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கூடையோடு வருவாள். எங்கள் கல்யாணப் பந்தியிலேயே அவனும் என் அப்பாவும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து தாய்வீட்டு வாசலை நான் மிதிக்கக் கூடாது, அவர்களும் இங்கே வரக் கூடாது. ஆகவே அம்மாவை நான் பார்த்ததெல்லாம் கீரைக்கட்டுகளுக்கு நடுவில்தான். முந்தானையை விலக்கி முதுகைப் பார்ப்பாள். டீயும் பன்னும் வாங்கித் தருவாள். பொறுத்துப் போ, உனக்குக் கீழே இன்னும் இரண்டு பேர் கல்யாணத்துக்கு இருக்கிறார்கள் என்பாள். அந்தப் பேச்சு எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அந்த ஒரு டீக்காக வாரம் முழுக்க உயிரோடு இருந்தேன்.

இது அவனுக்குத் தெரியும். தடுக்க வழியில்லை. ஆம்பளை காய்க்கூடை தூக்குவதா என்ற வீறாப்பு அவனுக்கு.

அப்போதுதான் காஞ்சிபுரத்து மண்டிக்காரர் ஒருவர் புதிதாக ஒன்று ஆரம்பித்தார். மாதத் தொடக்கத்தில் பணம் கட்டிவிட்டால் வாரம் ஒரு பை காய் வாசலுக்கே வந்துவிடும். எங்கள் ஊரில் செல்போன்கூட யார் கையிலும் இல்லாத காலம். காய் வீடு தேடி வருகிறது என்றதும் தெருவே கூடி நின்று பார்த்தது. அவன் மட்டும் கணக்குப் போட்டான். பஸ் சார்ஜ், நான் போய்வரும் அரை நாள் வேலை, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து பைதான் லாபம் என்றான்.

நானும் விடவில்லை. தக்காளியை அமுக்கிப் பார்த்து எடுக்க முடியாது, கறிவேப்பிலை கொத்தமல்லி கொசுறு கிடைக்காது, எந்தக் காய் வருமென்று நமக்கே தெரியாது என்று அடுக்கினேன். அம்மா பெயரை மட்டும் எடுக்கவில்லை. அவனே எடுத்தான்.

"வூட்டாண்டயே காய் வருது. இனிமே அந்தக் கீரக்காரி மூஞ்சியில முழிக்க வேல இல்ல."

சொல்லிவிட்டுக் கன்னத்தில் ஒன்று வைத்தான். அவனைப் பொறுத்தவரை விவாதம் முடிந்தது. மறுநாளே பணம் கட்டிவிட்டான்.

பை வந்தது. முட்டைக்கோஸ், சௌசௌ, நூக்கல். பணம் கட்டியாகிவிட்டதே என்று பிடிக்காததையும் வீம்புக்குத் தின்றான். சந்தை நாளில் உத்திரமேரூர் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போகும். நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடிப்பேன்.

மாதம் முடியும் சமயத்தில் பையில் பீட்ரூட் வந்தது. அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் அதைச் சமைத்ததில்லை. தேங்காய் போட்டுப் பொரியல் செய்தேன். இனிக்கிறதே என்று இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றான்.

மறுநாள் காலை கொல்லைப் பக்கம் போனவன் முகம் வெளுத்துத் திரும்பினான். நான் அருவாமனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினான்.

"சோத்துல இன்னாடி மருந்து வெச்ச? ரத்தமா போவுது."

புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பெண்டாட்டி சோற்றில் மருந்து வைப்பாள் என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். பை வருவதற்கு முன்பே அம்மா சந்தையில் மருந்து வாங்கித் தந்திருக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டான். விறகுக்கட்டையை எடுத்து அடித்தான். தலையில் விழ வந்ததைத் தடுத்தபோது இடது மணிக்கட்டில் எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த அடிக்கு ஓங்கினான். வலது கையில் அருவாமனையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். அன்றைக்கு வெட்டியிருப்பேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அவன் என் கண்ணைப் பார்த்தான், கட்டையைக் கீழே போட்டான், சைக்கிளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினான்.

பீட்ரூட் தின்றால் சிலருக்கு அப்படித்தான் போகும் என்று டாக்டர் சிரித்துவிட்டாராம். உட்கார்ந்திருந்த நோயாளிகளும் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்புதான் அவனுக்குத் தாங்கவில்லை. வந்ததும் மிச்சமிருந்த காயைக் குப்பைமேட்டில் வீசினான். தெண்டச் செலவு, இனிமேல் பை வேண்டாம் என்றான். வீங்கிக்கிடந்த என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த சந்தைக்குக் கையில் துணிக்கட்டோடு போனேன். அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கீரைக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அட்சே கொன்னுட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா."

"அப்படின்னா ஏன் வந்து பாக்கல?"

"வந்து பாத்தா நெசமாயிடுமேன்னுதான் வரல."

எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு கொதித்தது. நான் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இவள் வாராவாரம் கீரை விற்றிருக்கிறாள்.

அன்றைக்கு நான் காய் வாங்கவில்லை. நல்ல கையால் அவள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மாகறல் பஸ்ஸில் அவளுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தேன். பொறுத்துப் போ என்று அவள் சொல்லவில்லை. இரண்டு டிக்கெட் எடுத்தாள்.