ரெண்டுங்கெட்டான் உயரம்

டெனிஸ் கோவால்சிக் மில்வாக்கி பெண்கள் கூடைப்பந்து அணியில் உதவிப் பயிற்சியாளர். ஆள் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. கல்லூரிகளில் ஆடும் பெண்களில் எவள் தொழில்முறை ஆட்டத்தில் தாக்குப்பிடிப்பாள், எவள் முதல் மாதத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள் என்று பார்த்துவந்து தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். அதற்காகக் குளிர்காலம் முழுக்க வாடகைக் காரில் ஊர் ஊராகப் போவாள். பாதி காலியாகக் கிடக்கும் கல்லூரி அரங்குகளில் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு காலத்தில் அவளும் ஃபார்வர்டாக ஆடியவள்தான். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்டில் அவளையும் ஓர் அணி தேர்ந்தெடுத்தது. பயிற்சி முகாம் முடிவதற்குள் பையைக் கட்டி அனுப்பியும்விட்டது. கூடைக்கு அடியில் நின்று மல்லுக்கட்ட உயரம் பத்தாது, வெளியே நின்று ஓடியாட வேகம் பத்தாது, ரெண்டுங்கெட்டான் உயரம் என்றார்கள். பிறகு போலந்தில் சில குளிர்காலங்கள் ஆடினாள். அங்கேயே ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். முழங்காலும் கல்யாணமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முறிந்தபோது ஊர் திரும்பினாள். அண்ணன் ரே, நகரின் தெற்குப் பக்கத்தில் மதுக்கடை நடத்துகிறான். அந்தக் கடையின் மாடியில் இன்றுவரை குடியிருக்கிறாள்.

ஏவரி டில்மனை அவள் முதலில் பார்த்தது ஒரு ஜனவரியில், ஆர்க்கன்சாவின் ஒரு சின்னக் கல்லூரியில். பந்து கூடையின் வளையத்தில் பட்டுத் தெறிக்கும்போது மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏவரி மட்டும் அது விழப்போகும் இடத்தில் ஏற்கெனவே நின்றாள். ஒரு முறை, இரு முறை அல்ல, ஆட்டம் நெடுக. டெனிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் உயரத்தையும் பார்த்தாள், பக்கவாட்டில் நகரும்போது கால் கனப்பதையும் பார்த்தாள். பார்க்காதது ஒன்றுமில்லை.

ஏப்ரலில் டிராஃப்ட் நாளன்று கடைசிச் சுற்று வந்தது. நல்ல பெயர்கள் எல்லாம் போயிருந்தன. தலைமைப் பயிற்சியாளர் மார்வா ஹென்ட்ரிக்ஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"உன் ஆர்க்கன்சா பொண்ணு. உயரம் பத்தலையே டெனிஸ்."

"பந்து எங்க விழும்னு அவளுக்குத் தெரியுது."

"தெரிஞ்சு? அங்க போய்ச் சேரணும்ல?"

"சேருவா."

மார்வா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "சரி, எடுப்போம். ஆனா உன் தலையிலதான் கட்டுவேன். அவ தேறுவாளா மாட்டாளான்னு முகாம் முடியறப்ப நீதான் எனக்குச் சொல்லணும்."

முகாமின் முதல் நாளே விஷயம் வெளிச்சமாகிவிட்டது. பந்து விழும் இடம் ஏவரிக்கு இங்கேயும் தெரிந்தது. ஆனால் அந்த இடத்துக்கு இன்னும் நாலு பேர் வந்தார்கள், எல்லோரும் அவளைவிட உயரம் அல்லது அவளைவிட வேகம். பத்தாண்டுகளாக அணியில் ஆடும் ஜோயெல் வான்ஸ் ஒரே தோள் அசைப்பில் அவளைத் தாண்டிப் போய்ப் பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏய் ஆர்க்கன்சா, பஸ் போயிடுச்சும்மா. அடுத்ததுக்கு நில்லு."

எல்லோரும் சிரித்தார்கள். ஏவரியும் சிரித்தாள். அடுத்த முறையும் பஸ் போய்விட்டது.

உள்ளே நிற்க முடியாதவள் வெளியே நின்று எறியக் கற்றுக்கொண்டாக வேண்டும். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் டெனிஸ் தினமும் காலையில் அவளை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினாள். ஏவரி எறியும் பந்து வளைந்து போகாமல் தட்டையாகப் போய் வளையத்தின் முன்பக்கத்தில் இடித்தது. அவள் சலித்துக்கொள்ளவே இல்லை. ஓடிப் போய்ப் பந்தை எடுத்துவந்து மறுபடி எறிவாள்.

"கோச், நேராச் சொல்லுங்க. எனக்கு எடம் கெடைக்குமா?"

"முழங்கைய உள்ள வை."

"வச்சுட்டேன். கெடைக்குமா?"

"இன்னும் உள்ள."

வெள்ளிக்கிழமை மாலை ரேயின் கடையில் மீன் பொரியல் கூட்டம். டெனிஸ் கல்லாவின் ஓரத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு அடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கா உன் பொண்ணு?" என்றான் ரே.

"ரொம்ப உழைக்கிறா."

"கழுதையும்தான் உழைக்குது. நிப்பாளா, மாட்டாளா?"

டெனிஸ் அடையில் இன்னொரு துண்டைப் பிய்த்தாள்.

"அதானே பாத்தேன். உனக்கு அவங்க பண்ணத நீ அவளுக்குப் பண்ணப்போற. அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போய்க் கூட்டிட்டு வந்த?"

"வாய மூடிட்டு மீன எடுத்துட்டு வா."

ரே மீனை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனான். அவள் அதைத் தொடவில்லை.

மே மாதத்தில் ஒரு பயிற்சி ஆட்டம். முடிவு ஏறக்குறைய தெரிந்துவிட்ட கடைசிக் கால்பகுதியில் மார்வா ஏவரியை உள்ளே அனுப்பினாள். உள்ளே வந்தவுடன் ஏவரி ஒரு தெறித்த பந்தைப் பிடித்துக் கூடையில் போட்டாள். அடுத்ததும் அவளுக்கே. பிறகு மூலையில் நின்றிருந்தவளிடம் பந்து வந்தது. முழங்கை உள்ளே இருந்தது. பந்து வளைந்து போய் வளையத்தைத் தொடாமல் கூடைக்குள் விழுந்தது. அரங்கில் இருந்த கொஞ்சநஞ்சக் கூட்டமும் எழுந்து கத்தியது. ஜோயெல்கூடத் துண்டைச் சுழற்றினாள். டெனிஸ் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். அதே நிமிடத்தில் எதிரணியின் ஒரு பெண் ஏவரியை இடப்பக்கமாகக் கடந்து போனாள். கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. கத்திக்கொண்டிருந்த கூட்டம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெனிஸ் பார்த்தாள். பெஞ்சின் அந்தக் கோடியில் மார்வாவும் பார்த்தாள்.

மறுநாள் காலை மார்வாவின் அறையில் இருவர் மட்டும்.

"நேத்து நல்லா ஆடினா" என்றாள் டெனிஸ்.

"ஆடினா. அவளுக்கு எடம் தர யாரத் தூக்கட்டும், சொல்லு. ஜோயெல்லையா? அவ ஒப்பந்தம் உறுதியானது, தூக்கினாலும் அந்தச் சம்பளச் சுமை நம்ம தலையிலதான் நிக்கும். மத்த பொண்ணுங்க எல்லாரும் ஏவரியவிட மேல. உனக்கும் தெரியும்."

"இன்னும் ஒரு வருஷம் கூடவே வச்சிருந்தா..."

"ஒரு வருஷம் உக்கார வைக்க நாற்காலி எங்க இருக்கு? ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அஞ்சு வருஷம் இந்த லீக்ல நிப்பாளா? ஆமான்னு நீ சொன்னா நான் மேல போய்ச் சண்ட போடுறேன். சத்தியமா."

டெனிஸ் வாயைத் திறந்தாள். பந்துக்கு முன்னால் போய் நின்ற அந்தப் பெண் கண்ணில் வந்தாள். கூடவே அந்தக் கால்களும் வந்தன.

"தெரியல" என்றாள்.

"நம்ம தொழில்ல தெரியலன்னா இல்லன்னுதான் அர்த்தம்." மார்வாவின் குரலில் கோபம் இல்லை. "நீயே சொல்லிடு. நீ சொன்னா தாங்கிப்பா."

ஏவரி உடற்பயிற்சி அறையில் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டெனிஸ் கதவைச் சாத்தியதைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். ஐஸ் பையை மெல்ல அவிழ்த்துத் தரையில் வைத்தாள்.

"எதுல குறை, கோச்?"

"உயரம். அப்புறம் பக்கவாட்டுல கால் வேகம். ரெண்டுல ஒண்ணு இருந்திருந்தா..."

"அது ரெண்டும் ஜனவரியிலயே தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்புறம் இத்தன நாளா என்னத்தப் பாத்துட்டு இருந்தீங்க?"

ஏவரி அழவில்லை. காலணியின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"எனக்காகப் பேசினீங்களா?"

"பேசினேன்" என்றாள் டெனிஸ். அது பொய்யும் இல்லை. ஆனால் அறையைவிட்டு வெளியே வந்த பிறகு, ஆமாம் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்ற நினைப்பு அவளை விடவே இல்லை.

போலந்தில் பழைய ஆட்களுக்குப் போன் போட்டு ஒரு சின்ன ஊர் அணியில் ஏவரிக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். இலையுதிர்காலத்தில் ஏவரி போனாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே கணுக்கால் தசைநார் கிழிந்து திரும்பிவிட்டாள். இப்போது சொந்த ஊரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. டெனிஸ் ஒருமுறை நலம் விசாரித்தபோது, "நல்லா இருக்கேன் கோச். ஆடறதில்ல" என்று பதில் வந்தது. இரண்டாவது முறை விசாரித்ததற்கு எதுவும் வரவில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து டெனிஸ் பார்த்த பெண்கள் எல்லோரையும் வேண்டாம் என்றே சொன்னாள். கால் மெதுவு, வேண்டாம். தோள் ஒல்லி, வேண்டாம். கடைசிச் சுற்றுகளில் வருபவர்களில் நிற்பவர்கள் மிகச் சிலர். எனவே அவள் சொன்னது பெரும்பாலும் பலித்தது. அவள் வேண்டாமென்ற அயோவாப் பெண் ஒருத்தி வேறோர் அணியில் சேர்ந்து நன்றாகவே ஆடுகிறாள். அந்தப் பெண்ணை அப்போது இவர்களும் பார்த்தார்கள் என்பதே இங்கே யாருக்கும் நினைவில்லை.

"உன் கண்ணு இப்பத்தான் கூர்மையாயிருக்கு" என்றாள் மார்வா. ஒரு வசந்தத்தில் ஆள் தேர்வுப் பிரிவு முழுவதையும் டெனிஸிடம் ஒப்படைத்தார்கள். ரே கடையில் எல்லோருக்கும் ஒரு சுற்று இலவசமாக ஊற்றினான். டெனிஸ் தன் கோப்பையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குடிக்காமல் வைத்தாள்.

இந்தக் குளிர்காலத்திலும் ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். பாதி ஆட்டத்திலேயே முடிவு செய்துவிடுகிறாள். மீதியைப் பார்க்க உட்காருவதில்லை. கார் நிறுத்துமிடத்தில் நெரிசல் தொடங்குவதற்குள் கிளம்பிவிடுகிறாள்.