பொட்டின் பசைப்பக்கம்

முதலில் முழங்கை மடிப்பில்தான் ஆரம்பித்தது. ஈர நூல் ஒன்றை யாரோ தோல்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. கையைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பார்வையை எடுத்த உடனே கழுத்தில் ஊரும். அப்புறம் காதுக்குப் பின்னால். அப்புறம், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, உள்ளாடையின் ஓரத்தில். எழுந்து விளக்கைப் போட்டுப் படுக்கையை உதறினால் வெறும் போர்வைதான். உடம்பில் சின்னச் சின்னத் தடிப்புகள் இருந்தன. அவை வந்ததால் நான் சொறிந்தேனா, சொறிந்ததால் அவை வந்தனவா என்று எனக்கே தெரியவில்லை.

இத்தனைக்கும் நான் உயிரியல் டீச்சர். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். தலை, மார்பு, வயிறு, ஆறு கால் என்று வருஷா வருஷம் போர்டில் பூச்சி வரைந்து வரைந்து கை மரத்துப்போனவள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ என்மேல் ஊருகிறது என்று வேறு எவளாவது வந்து சொல்லியிருந்தால் முகத்துக்கு நேரே சிரித்திருப்பேன்.

முடிச்சூரில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. மழை வந்தால் வெள்ளம் புகுகிற அந்த ஊரில் கீழ்த்தளம் யார் வாங்குவார்கள்? வீட்டில் நானும் என் கணவரும் மட்டும். அவருக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. கடைந்து வருகிற இரும்புச் சாமான்களை மைக்ரான் கணக்கில் அளந்து, சரி, சரியில்லை என்று பிரித்துப் போடுகிற வேலை. வீட்டிலும் அதே புத்திதான். கையில் அகப்படாத எதையும் நம்ப மாட்டார்.

"ஏங்க, உங்களுக்கு ஒண்ணும் ஊரலையா?" என்று தினமும் கேட்பேன்.

"இல்லையே. நீ கண்டதையும் நெனைக்காம படு" என்பார்.

தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். அது தீர்ந்ததும் வேறு களிம்பு கொடுத்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, மனநல டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். நான் விடுவேனா? ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஊருகிற இடத்தில் எல்லாம் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து, அந்தத் துண்டுகளைக் குங்கும டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்த டாக்டர் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. மேஜையில் என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இப்படி டப்பால போட்டு எடுத்துட்டு வர்றதே இதுக்கு ஒரு அறிகுறிதான் மேடம். உங்களுக்கு ஊருறது நிஜமாவே தெரியுது, அதை நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அங்க பூச்சி இல்லை."

பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா சார்?"

"இல்ல டாக்டர். இவளுக்கு மட்டும்தான்."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு மாத்திரை எழுதினார். ஆதாரம் இல்லாமல் போனால் மனப்பிரமை, ஆதாரத்தோடு போனால் முற்றின மனப்பிரமை. இது எந்த ஊர் நியாயம்?

டேப்புத் துண்டுகளைப் பள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்காமல் இருப்பேனா? பார்த்தேன். எங்கள் ஆய்வகத்தின் ஒரே மைக்ராஸ்கோப்புக்கு லென்சில் பூஞ்சை பிடித்திருக்கிறது. மழைக்காலம் முழுக்கப் பெட்டியில் பூட்டி வைத்தால் பிடிக்காமல் என்ன செய்யும். எதை வைத்தாலும் சிலந்திவலைக்குப் பின்னால் தெரிகிற மாதிரிதான் தெரியும். நூல் துண்டு தெரிந்தது, தோல் செதில் தெரிந்தது, நசுங்கிப்போன ஏதோ ஒன்று தெரிந்தது. அது காலா, தூசியா? சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால் முடியவில்லை.

மாத்திரை போட ஆரம்பித்தேன். வாய் உலர்ந்தது, வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவியது. ஊருவது நிற்கவில்லை. கூட வேலை செய்கிற டீச்சர் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்களுக்காக ஜெபம் பண்றேன்கா" என்றாள். என் கணவர் என்னைத் திருநீர்மலைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படியேற வைத்தார். எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒருநாள் குளிக்கும்போது, டாக்டர் சொல்வது சரியாக இருந்தால் என்ன என்று முதல்முறையாக யோசித்தேன். அப்படியானால் என் தோல் எனக்குப் பொய் சொல்கிறது. நாளைக்கு என் கண் பொய் சொல்லும். அப்புறம் எதை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது?

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கு அந்த ஏற்பாடு வந்தது. பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கிறது. பிள்ளைகள் செத்த பூச்சிகளைச் சேகரித்துக் கூரியரில் அனுப்ப வேண்டும். அவர்கள் அதன்மேல் மெல்லிசாகத் தங்கம் பூசிக் கருவிக்குள் வைப்பார்கள். குறித்த நாளில் நாங்கள் இங்கே வகுப்பிலிருந்தே மவுசை நகர்த்தி, பூச்சியின் எந்தப் பாகத்தை வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

பிள்ளைகள் கொண்டுவந்து குவித்தார்கள். சர்க்கரை டப்பா எறும்பு, கொசு, கரப்பான் கால், ஈசல், பஸ் ஸ்டாண்டில் கிடந்த பட்டாம்பூச்சி இறக்கை. கூரியர் அனுப்ப வேண்டிய அன்று காலை கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொள்ளப் போனேன். மெரூன் நிறத்தில் வட்டமான ஒட்டுப்பொட்டு. அட்டையிலிருந்து உரித்து, பசைப்பக்கம் வெளியே தெரிய விரல் நுனியில் வைத்திருந்தபோது, தோள் எலும்புக்கு மேலே, கழுத்தில் ஊர்ந்தது. யோசிக்கவே இல்லை. அப்படியே பொட்டை அங்கே வைத்து எடுத்தேன். பசையில் ரவைத் துகளில் பாதி இருக்கும், ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. தூசியாகவும் இருக்கலாம். அதை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடி, பிள்ளைகளின் டப்பாக்களோடு பார்சலில் வைத்தேன். மேலே எதுவும் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது?

மனதுக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். அதில் உயிர் எதுவும் இல்லை என்றால் டாக்டர் சொல்கிறபடி கேட்பது, வேலையை விடுவது. அதற்குப் பிறகு யாரையும் கேள்வி கேட்பதில்லை.

அந்த நாள் வந்தது. ஜன்னல்களைச் சாத்தித் திரையில் படத்தை ஓடவிட்டோம். பெங்களூரில் கருவியை இயக்குகிறவர் இளவயது ஆராய்ச்சியாளர். பேச்சில் பல்லடத்துப் பக்கம் என்று தெரிந்தது. முகம் தெரியாது, குரல் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது.

"எல்லாத்தையும் வரிசையா வெச்சிருக்கேனுங்க. மொதல்ல எறும்புக்குப் போலாங்களா?"

மவுஸ் முன்வரிசைப் பெண் ஒருத்தியின் கையில் இருந்தது. வகுப்பிலேயே நடுங்காத கை அவளுக்குத்தான். அவள் ஒரு சொடுக்கு சொடுக்கினாள். கறுப்புக்குள்ளிருந்து எறும்பின் முகம் எழுந்து வந்தது.

நான் இருபது வருஷமாக வரைந்த எறும்பு இல்லை அது. நிறமே இல்லாத சாம்பல் முகம். இமை இல்லாத கண். தாடை பாதி திறந்திருந்தது. எதையோ சொல்ல வந்து நிறுத்தினதுபோல இருந்தது. கொசுவின் கண்ணில் உருண்டை உருண்டையாக ஆயிரம் மேடுகள், அத்தனையும் எங்களையே பார்த்தன. மேலே விமானப்படை விமானம் ஒன்று தாழப் போனது, அதற்கும் ஒருத்தரும் தலையைத் திருப்பவில்லை. மாற்றி மாற்றிக் கையையும் கழுத்தையும் சொறிந்துகொண்டிருந்தார்கள். வகுப்பு முழுக்க அந்தச் சரசரப்புதான் கேட்டது. பார்த்தாலே ஊருகிறது. அப்படியானால் எனக்கும் இதுதானா?

"கடைசியா ஒண்ணு இருக்குங்க மேடம்" என்றது குரல். "செவப்பா ஒரு வட்டம். டப்பா மேல ஒண்ணும் எழுதலை. என்னன்னு தெரியலை, அப்படியே வெச்சுட்டேன்."

"போங்க, பாக்கலாம்" என்றேன்.

திரையில் ஓரம் பிய்ந்த ஒரு வட்டம் வந்தது. மவுஸ் வைத்திருந்த பெண் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி என் நெற்றியைப் பார்த்தாள்.

"மிஸ், இது பொட்டு. உங்களோடது."

முப்பது முகமும் என் பக்கம் திரும்பின. "பெருசாக்கு" என்று மட்டும் சொன்னேன்.

பசை, காய்ந்த ஏரிபோலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அவள் நகர்த்திக்கொண்டே போனாள். பாளம், வெடிப்பு, நூல் துண்டு. மறுபடியும் பாளம். எனக்குள் ஏதோ மெல்ல மூடிக்கொண்டு வந்தது. முடிந்தது, நூல்தான், டாக்டர் சொன்னதுதான் என்று தோன்றியபோது, வெடிப்பின் ஓரத்தில் ஒரு கால் தெரிந்தது.

அவள் மவுசைச் சட்டென்று இழுத்தாள். படம் நகர்ந்தது. பக்கத்தில் இன்னொரு கால். உப்பின பைபோல ஓர் உடம்பு, அதில் அங்கங்கே நீண்ட மயிர். முன்னால் ஊசிபோல இரண்டு வாய்ப்பாகங்கள். பசையில் புதைந்து, வயிறு மேலே தெரிய மல்லாந்து கிடந்தது. பிள்ளைகள் வாய்க்குள்ளே கால்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ், எட்டு கால்."

அந்த நேரத்தில்தான் ஓரத்துக் கால் அசைந்தது. மெதுவாக, பசையிலிருந்து விடுபட்டு மேலே எழுந்தது. யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது. என் முழங்கை மடிப்பில் அதே இடத்தில், அதே வேகத்தில் ஊர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது என்னை அடையாளம் கண்டுகொண்டது என்றே நினைத்தேன்.

"பயப்படாதீங்க, அது செத்துப் பல நாளாச்சு" என்றது குரல். "நாங்க ஒட்டறதுக்குன்னே தனி டேப் இருக்குதுங்க. இது பொட்டுப் பசை. கருவியோட மின்கற்றை படவும் சூடாகி இளகி இழுக்குது. அதான் கால் தூக்குது." பிறகு என்னிடம் கேட்டார். "மேடம், இது பூச்சி இல்லீங்க, செள்ளு. எட்டுக் காலு, உண்ணி ஜாதி. எங்கூர்ல கோழிப்பண்ணை பூரா இருக்கும். புறாவுலயும் வரும். கூட்டுல பறவை இல்லைன்னா ஆளைக் கடிக்கும். உங்களுக்கு எங்கிருந்து கெடைச்சுதுங்க?"

"என் கழுத்துலேர்ந்து" என்றேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று போர்டைத் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். அதில் எதுவும் எழுதியிருக்கவே இல்லை.

படத்தை ஃபோனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல் படுக்கையறைக்குப் போனேன். ஏசி குழாய் போகிற ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டிருந்தார்கள். வெளியே, ஏசி பெட்டிக்குப் பின்னால், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் புறாக்கூடு. குஞ்சுகள் எப்போதோ பறந்துவிட்டன. காய்ந்த எச்சமும் குச்சியும் மட்டும் இருந்தன. அந்த ஓட்டையின் ஓரத்தில், கட்டில் தலைமாட்டுக்கு நேர்மேலே, சாம்பல் தூள் தூவினதுபோல ஒரு கோடு இருந்தது. உற்றுப் பார்த்தால் அந்தக் கோடு அசைந்தது.

அவர் வேலையிலிருந்து வந்ததும் ஃபோனை நீட்டினேன். என்ன, ஏது என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். இப்ப என்ன சொல்றீங்க, உங்க டாக்டரைக் கூப்பிடுங்க, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன் என்று கத்தினேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அளந்து பார்க்கிற பார்வை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்களை மெதுவாகக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தார்.

முதுகு முழுக்கத் தடிப்பு. கை எட்டுகிற இடத்தில் நகக்கீறல், எட்டாத இடத்தில் சீப்போ ஸ்கேலோ வைத்து இழுத்த நீளக் கோடுகள். சில காய்ந்து கறுத்துப்போயிருந்தன. சில புதுசு.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"உனக்கு ஆரம்பிச்சு ஒரு வாரத்துல."

"டாக்டர் கேட்டாரே. என்னை வெச்சுக்கிட்டே கேட்டாரே."

"நீ சொல்லிச் சொல்லி எனக்கும் ஒட்டிக்கிச்சுன்னு நெனைச்சேன்" என்றார், சுவரைப் பார்த்தபடி. "ஆமான்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேருக்கும் மனசு சரியில்லைன்னு எழுதியிருப்பாரு. யாராவது ஒருத்தர் சரியா இருக்கணும் இல்ல?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. களிம்பை எடுத்துவந்து தடவினேன். அந்தத் தழும்புகளின்மேல் விரல் போய்க்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமும் நான் எழுந்து விளக்கைப் போட்டு, போர்வையை உதறி, அழுது, திரும்பப் படுக்கும்வரை, பக்கத்தில் அசையாமல் கண்ணை மூடிக் கிடந்தாரே, அது தூக்கம் இல்லை.