அனந்தராமன் சாரின் புதன்கிழமைச் சாப்பாடு

ஆடி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த திங்கட்கிழமை காலையில் என் போனில் அனந்தராமன் சாரின் நம்பர் வந்தது. சீசன் தொடங்க இன்னும் மூன்று மாதமாவது இருக்கிறது. இத்தனை சீக்கிரம் வேலைக்குக் கூப்பிடுகிறாரே என்ற சந்தோஷத்தில், எடுத்ததும் எடுக்காததுமாக, "என்ன சாரே, வானத்துல தண்ணி தீந்து போச்சா? இப்பமே கூப்பிடுதிய?" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "நான் அவரோட தங்கை பேசறேன். அண்ணா விடிகாலை தூக்கத்துலயே போயிட்டார்" என்றது.

என் வாய் எத்தனையோ தடவை என்னை மாட்டிவிட்டிருக்கிறது. அன்றைக்குப் போல் ஒருநாளும் இல்லை. தட்டுத் தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, நீங்க ஸ்டெல்லாதானே? அண்ணா சொல்லியிருக்கார்" என்றார் அந்த அம்மா. என்ன சொல்லியிருந்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கோவளத்து ரிசார்ட்டில் என்னோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வலியசாலையிலிருந்து பஸ்ஸில் வருவார், பஸ்ஸில் போவார். யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு லீவு என்பதெல்லாம் அவர் கையில்தான். நான் துணி அறையில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். ஒரு கிறிஸ்துமஸ் சமயம், மூன்று பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கிய அன்று, துணி அறையில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். சார் கையை மடித்துவிட்டுக்கொண்டு தலையணை உறை மடிக்க உட்கார்ந்துவிட்டார். அவர் மடித்ததையெல்லாம் அவருக்குத் தெரியாமல் நான் பிரித்து மடித்தேன். தெரிந்துதான் இருந்தது. "நான் உன் வேலையைப் பாதி ஆக்கறேன்னு நெனைச்சுண்டிருந்தேன், ரெட்டிப்பா ஆக்கிட்டேனா?" என்றார்.

சீசனில் நாற்பது பேர் ஓடுகிற இடத்தில் மழைக்காலத்தில் பன்னிரண்டு பேர் போதும். மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். வேறு இடங்களில் போர்டில் ஒரு தாளை ஒட்டிவிடுவார்கள். சார் ஒருநாளும் ஒட்டியதில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, நேரில் சொல்வார். "ஆளை எடுக்கறது யாரும் எடுப்பா. மழைக்கு ஆளை விடறப்போ அவா தலை குனியாம விடணும், அதான் வேலை" என்பார்.

யாரை வைத்துக்கொள்வது என்பதற்கு அவர் வைத்திருந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். மே மாதம் பிறந்தால் எல்லோரிடமும் அதையே கேட்பார்: "ஆத்துல எத்தனை தட்டு வைக்கறா?" சாப்பிட நிறையப் பேர் இருக்கிற வீட்டுக்காரர்கள் மழையிலும் வேலையில் இருப்பார்கள். என்னிடம் கேட்கும்போது, "ஒண்ணு சாரே, அதையும் களுவ ஆளில்ல" என்று சிரிப்பேன். அவரும் சிரிப்பார். லீவுப் பட்டியலில் முதல் பேர் என்னுடையதாக இருக்கும். அது நியாயம்தான். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ஆனால் அந்த மழை மாதங்கள் கரமனையில் ஒற்றை அறையில் எப்படி இருக்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எதிர் வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொள்வாள். நான் அடித்த ஜோக்குக்கு நானே சிரிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. சார் கேட்டபோது, "மூணு தட்டு. பாறசாலையிலேந்து அக்காளும் அவ மகளும் வந்து எங்கூட இருக்காவ" என்று பொய் சொல்லிவிட்டேன். அக்காள் என்று எனக்கு யாருமே கிடையாது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, நீ இருந்துக்கோ" என்றார்.

இரண்டு வாரம் சந்தோஷமாகப் போயிற்று. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, நனைந்த வேட்டியோடு சார் என் வாசலில் நிற்கிறார்! மழைக்காலத்தில் அவர் இப்படி வீடு வீடாகப் போவார் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே இரண்டு எவர்சில்வர் தட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். உட்கார்ந்தவர் அலமாரியையே பார்த்தார்.

"ஸ்டெல்லா, அந்த ரெண்டு தட்டுலயும் கடை ஸ்டிக்கர் அப்படியே இருக்கே. உங்க அக்கா சாப்பிடற வழக்கம் இல்லையா?"

"டயட்டுல இருக்கா சாரே."

அவர் சிரிக்கவில்லை. "இப்போ பொன்னம்மா ஆத்துலேர்ந்துதான் வரேன். ஆம்படையான் கால் ஒடிஞ்சு கிடக்கறான். கையில ஒரு கொழந்தை. உன் பேரு உள்ளே வந்ததனால அவ பேரு வெளில போச்சு, கேட்டியா" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குக் கேலி வரவில்லை. "பைசாவுக்கு இல்ல சாரே" என்றேன். "அங்க மழையிலயும் பத்துப் பன்னிரண்டு பேரு சேந்து இருந்து சோறு திங்குதாவ. இங்க எனக்குத் தனியா தின்ன முடியல்ல." குடையை எடுத்துக்கொண்டு எழுந்த சார், "நாளைக்குப் பொன்னம்மா வந்துடுவா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் உங்களிடமெல்லாம் ஸ்டெல்லாவுக்கு முட்டி வலி, ஓய்வு கேட்டிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். உங்களில் எத்தனை பேர் தைலம் கொடுத்தனுப்பினீர்கள்! உங்களில் யாராவது எதிரே வந்தால் நொண்டிக்கூடக் காட்டினேன். இப்போது சொல்கிறேன், என் முட்டிக்கு ஒன்றுமே இல்லை. பொன்னம்மா, அந்த இரண்டு வாரத்துக்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். உன் முகத்துக்கு நேரே சொல்ல வந்து, எத்தனையோ தடவை வேறு எதையோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை சார் போன் செய்தார். "நாளைக்கு மத்தியானம் மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்துடு."

"எனக்குத்தான் வேலை இல்லியே சாரே?"

"வேலைக்கு யாரு கூப்பிட்டா? சாப்பிடத்தானே கூப்பிடறேன்."

"நான் மட்டும் வந்து இருந்தா எல்லாரும் என்ன நினைப்பாவ?"

"நீ மட்டும் இல்லை. லீவுல இருக்கற அத்தனை பேரையும் கூப்பிட்டாச்சு."

மழைக்காலப் புதன்கிழமைச் சாப்பாடு அப்படித்தான் தொடங்கியது. வாரம் ஒருநாள் வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் சீசனில் வேறு ஓட்டலுக்குப் போக மாட்டார்கள் என்று முதலாளியிடம் காரணம் சொல்லிச் சம்மதம் வாங்கினார். அது உண்மையாகவும் ஆயிற்று. நவம்பரில் மற்றவர்கள் ஆள் தேடி அலையும்போது நாம் ஒருத்தர் விடாமல் வந்து நிற்போம். சாருக்கு எவ்வளவு மூளை என்று நீங்களெல்லாம் பேசுவீர்கள். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டுவேன்.

சாரைத் தகனம் செய்ததற்கு மறுநாள் புதன்கிழமை. கால் தானாகக் கோவளம் பஸ்ஸில் ஏறிவிட்டது. கேட்டில் செக்யூரிட்டி விஜயன் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, "சேச்சி, புது சார் வர்ற வரைக்கும் லிஸ்ட்ல பேருள்ள ஆளுகளுக்கு மாத்திரம்தான் சாப்பாடுன்னு ஆபீஸ்ல பறஞ்சிருக்கு" என்றான். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாப்பாட்டுக்கு யாருலே வந்தா? உன் அழகைப் பாக்கவாக்கும் வந்தேன்" என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். நான் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது, கரமனையில் ஒருவருக்கும்.

அனந்தராமன் சாரிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன என்று இந்தச் சில நாளாக யோசிக்கிறேன். என் ஆயுளில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு மனிதரிடம், ஒரு உண்மையைக் கேலி கலக்காமல் சொல்லியிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை, ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார். அப்படியும் சொல்லலாம் என்கிற தைரியம், அவ்வளவுதான் அவர் எனக்கு விட்டுப் போனது. அதை வைத்துக்கொண்டு இப்போது இரண்டாவது தடவை சொல்கிறேன். மழை முடிய இன்னும் நாள் இருக்கிறது. கரமனையில் என் அறை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். புதன்கிழமை மத்தியானம் சோறு வைப்பேன். வாருங்கள். எனக்குத் தனியாகச் சாப்பிட முடியவில்லை.