கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கோழிப்பண்ணை. அங்கே தீவனம் கலக்கும் மிஷினை ஓட்டிய கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்தான். அன்றைக்குச் சொல்லித் தொலைக்கவில்லை, இன்றைக்காவது முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மிஷினைப் பார்க்க வந்த மெக்கானிக், கம்ப்யூட்டரின் பின்பக்கம் தன் லேப்டாப்பை மாட்டினார். ஒரு ஃபைலைத் திறந்து, கன்சோல் என்று இருந்த வரியில் எதையோ மாற்றினார். திரையில் வரவேண்டிய எழுத்தெல்லாம் அவர் லேப்டாப்பில் ஓடியது. வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவைத்துவிட்டுப் போனார். பார்த்த எனக்குக் கை சும்மா இருக்குமா? ஆயுத பூசைக்கு முதல்நாள் நானும் அந்த வரியை அதேபோல மாற்றினேன். ஒன்றுமே நடக்கவில்லை. மெக்கானிக் நடுவில் ஒருமுறை அணைத்துப் போட்டதை நான் கவனிக்கவில்லை. அணைத்துப் போட்டால்தான் மாறும் என்று யார் கண்டது? சலித்துப்போய் அப்படியே விட்டுவிட்டேன்.

பூசையன்று மிஷின், மொபெட், மண்வெட்டி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தோம். வைத்தபின் மறுநாள் வரை எதையும் தொடக்கூடாது. அம்மாவின் இரண்டு கையிலும் மாவு.

"ஏனுங் நங்கை, அந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வெச்சுருங்க" என்று அத்தையைக் கேட்டாள். அத்தை அப்பாவின் அக்கா. மாமா போர்வெல் போடும் ரிக் வண்டியில் அடிபட்டு இறந்தபின் எங்களோடு இருந்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் வைத்தாள்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் திரை கறுப்பு. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஒரு எழுத்து வரவில்லை. கோழிகள் பசியில் கத்துகின்றன. அப்பா பத்து முறை அணைத்துப் போட்டார். ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். ராசிபுரத்திலிருந்து சித்தப்பா வேறொரு திரையைக் கொண்டுவந்தார். அதுவும் கறுப்பு. பெட்டியைத் தட்டினார்கள், தூசி ஊதினார்கள், கடைசியில் எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். நானும் கூட நின்று வேடிக்கை பார்த்தேன். சொன்னால் முதுகுத்தோல் உரியும்.

"பொட்டு வெச்ச கை அப்படிங்க" என்றாள் அம்மா.

"வாய மூடு. அக்கா காதுல உழுந்தறப் போவுது" என்றார் அப்பா. அப்படிப் பேசாதே என்று சொல்லவில்லை, கேட்கும்படிப் பேசாதே என்றார்.

பக்கத்துக் கொட்டகையில் மண்வெட்டியால் தீவனத்தைக் கலந்துகொண்டிருந்த அத்தைக்குக் கேட்டுவிட்டது. மெதுவாக வந்து, "ஏந்தம்பி, ஈரம் கீரம் பட்டுருச்சா? நான் ஒரு வெரலுதானே வெச்சேன், சாமி" என்றாள். அப்பா மறுபடியும் ஒயரைப் பிடுங்கிச் சொருகினார்.

மெக்கானிக் சாயங்காலம் வந்து லேப்டாப்பை மாட்டிப் பார்த்துச் சிரித்தார். "கம்ப்யூட்டர் நல்லாத்தானுங்க இருக்குது. காலைல இருந்து பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்குது. அந்தக் கேள்விதான் திரைக்கு வராம பின்னாடி ஒயருக்குப் போகுது. யாரோ கன்சோலை மாத்தியிருக்காங்க."

"யாருங்க மாத்துவா? போன தடவ நீங்கதான் மறந்து உட்டிருப்பீங்க" என்று அப்பா அவர்மேல் பாய்ந்தார். அந்த மனிதர், "இருக்கும்ங்க" என்று ஒப்புக்கொண்டார். மிஷின் ஓடியது. நான் தப்பித்தேன். அம்மா சொன்ன சொல்லை மட்டும் யாரும் திருப்பி எடுக்கவில்லை.

அடுத்த வருடம் பூசைக்கு அத்தை வரவில்லை. தேடிக்கொண்டு போனால், கடைசிக் கொட்டகையில் தண்ணீர்க் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ போய்ப் பொட்டு வெய்யி சாமி. எனக்கு இங்க வேல கெடக்குது."

பூசை நாளில்கூட வேலையா, என்ன அத்தையோ என்று எரிச்சலோடு திரும்பி வந்து, அவள் பங்குப் பொரியையும் நானே தின்றேன்.